டெயில் லைட்டுக்குள் தண்ணீர்: ஆவி படிவதா, கசிவா? சரிசெய்வது எப்படி?

வடபழனி_ஹேட்ச் (கேள்வி)

வணக்கம். வண்டி 2019 மாடல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மழை பெய்த பிறகு வலது டெயில் லைட்டின் உள்பக்கம் முழுக்க மங்கிவிடுகிறது. லென்ஸில் துளித்துளியாக நிற்கிறது, கீழ் மூலையில் தண்ணீர் தேங்கி வண்டி திரும்பும்போது இங்குமங்கும் ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. இடது விளக்கில் காலையில் மட்டும் மேல் ஓரமாக லேசாக ஆவி படிந்து, வெயில் ஏறினதும் காணாமல் போய்விடுகிறது.

பல்பு விவரம்: பிரேக்கும் பார்க்கிங்கும் சேர்ந்த 21/5 வாட், ஆரஞ்சு இண்டிகேட்டர் 21 வாட், ரிவர்ஸ் 16 வாட். எல்லாமே சாதாரண பல்புகள், எல்இடி இல்லை. எல்லாம் எரிகின்றன, ஆனால் வலது ரிவர்ஸ் விளக்கு இடதைவிட மங்கல்.

சர்வீஸ் சென்டரில் "மழைக்காலத்தில் எல்லா வண்டிக்கும் இப்படித்தான் இருக்கும், கையேட்டிலேயே போட்டிருக்கிறது" என்கிறார்கள். உண்மையிலேயே இது இயல்புதானா? விளிம்பைச் சுற்றி சிலிக்கான் வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா, இல்லை அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் போதுமா? லென்ஸைத் தனியாகப் பிரித்து உள்ளே துடைக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.


லேம்ப்_டிசைன்

இடது பக்கம் இயல்பு. வலது பக்கம் கசிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கையேட்டில் எழுதியிருப்பது உங்கள் இடது விளக்குக்குத்தான் பொருந்தும்.

இதை உறுதியாகச் சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் விளக்குக்குள் அடங்கும் காற்று அதிகம் போனால் 3 லிட்டர் இருக்கும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 3 லிட்டருக்கு 0.07 கிராம்தான் வருகிறது, ஏறக்குறைய ஒன்றரைச் சொட்டு. உள்ளே இருக்கும் ஈரம் மொத்தமும் லென்ஸில் படிந்தாலும் மெல்லிய படலமாகத்தான் நிற்கும், வழிந்து ஓடாது. மூலையில் தேங்கி ஓடுகிறதென்றால் தண்ணீர் தண்ணீராகவே உள்ளே போயிருக்கிறது.

படலம் எவ்வளவு பரப்பில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதையும் பாருங்கள். லென்ஸில் பாதிக்கும் குறைவாகப் படிந்து, விளக்கை எரியவிட்டு ஓட்டினாலோ ஒரு நாள் வெயில் பட்டாலோ போய்விட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. எல்இடி விளக்குகளில் இது போக இன்னும் நேரமாகும், ஏனென்றால் 21 வாட் பல்பு லென்ஸுக்குக் கொடுக்கும் சூட்டை எல்இடி கொடுப்பதில்லை. பல்பு விளக்கில் எல்இடி பல்பை மாற்றிப் போட்டவர்களுக்குத் திடீரென்று மங்கல் அதிகமாகத் தெரிவதும் இதனால்தான்.

இப்போது சிலிக்கான் விஷயம். சுற்றிலும் அடைக்காதீர்கள். டெயில் லைட் மூச்சுவிட வேண்டிய பொருள். பின்பக்கத்தில் பார்த்தால் எல் வடிவ ரப்பர் குழாயோ, உள்ளே ஸ்பாஞ்சு வைத்த சின்ன மூடியோ, ஸ்டிக்கர் போல ஒட்டிய வட்டமான சவ்வோ இருக்கும். அந்தச் சவ்வு காற்றையும் நீராவியையும் விடும், தண்ணீரை விடாது. வெயிலில் நிற்கும் வண்டியில் விளக்குக்குள் காற்று 60 டிகிரி வரை சுலபமாகச் சூடேறும். சவ்வு வழியாகக் கொஞ்சம் காற்று வெளியே போய்விடும். அந்த நேரம் மழை கொட்டினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று 30 டிகிரிக்குக் குளிர்ந்து சுருங்கும், வெளியே போன காற்று அதே வழியாகத் திரும்ப வந்தாக வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். சுமார் ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் அது. அவ்வளவு இழுவை இருந்தால் மயிரிழை விரிசல் வழியாகக்கூட மழைத்தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். மூச்சுத் துளை அடைபட்ட விளக்கில் கசிவு மோசமாவது இதனால்தான்.

ஆகவே முதலில் அந்தக் குழாயையும் சவ்வையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், எறும்பு மண் தள்ளியிருக்கும், பெயின்ட் வேலையின்போது மேலே பெயின்ட் பட்டிருக்கும். சவ்வின் மேல் எண்ணெயோ மெழுகு பாலிஷோ பட்டாலும் அது கெட்டுவிடும். கைவிரலால் தேய்க்கவும் வேண்டாம்.

லென்ஸைப் பிரிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. ஹெட்லைட்டின் லென்ஸ் பாலிகார்பனேட், பல மாடல்களில் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும், சூடாக்கினால் இளகும். டெயில் லைட்டின் லென்ஸ் அக்ரிலிக், உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். இரண்டையும் உருக்கியே இணைத்துவிடுகிறார்கள். ஹெட்லைட்டுக்குச் செய்வது போல ஓவனில் (சூட்டடுப்பில்) வைத்தால் இணைப்பு பிரியாது, லென்ஸ்தான் நெளியும்.


பட்டறை_பின்பக்கம்

மேலே சொன்னது சரி. கழற்றிச் சோதிக்கிற முறையை நான் சொல்றேன். பட்டறையில இதுக்குத் தனியா எந்தக் கருவியும் தேவையில்லை.

ஹேட்ச்பேக்கில பொதுவா டிக்கியைத் திறந்தா விளக்கோட உள் ஓரத்தில ரெண்டு ஸ்க்ரூ தெரியும், பிளஸ் தலை இல்லேன்னா 10-ம் நம்பர் ஸ்பேனர் தலை. அதைக் கழற்றின பிறகு விளக்கு வெளிப்பக்க ஓரத்தில ரெண்டு பிளாஸ்டிக் முளையில ரப்பர் புஷ்ஷுக்குள்ள செருகி நிக்கும். வண்டிக்கு நேர் பின்னால இழுக்கணும். பக்கவாட்டில நெம்பினா முளை உடையும், உடைஞ்சா விளக்கையே மாத்தணும். வராம இறுகினா ரப்பர்ல கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டு, உள்ளங்கையால தட்டித் தட்டி இழுங்க. பெயின்ட் ஓரத்தில மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஆரம்பிச்சா கீறல் விழாது. செடான்ல டிக்கிக்குள்ள இருக்கிற விரிப்பை விலக்கினா பின்னாடி மூணு நாலு நட்டு இருக்கும், அங்கே ஆழமான சாக்கெட் வேணும். நட்டு கையிலிருந்து நழுவி பம்பருக்குள்ள விழுந்தா எடுக்கறது பெரிய பாடு, அதனால சாக்கெட்டுக்குள்ள துளி கிரீஸ் வெச்சு நட்டைப் பிடிச்சுக்கோங்க.

கனெக்டரைக் கழற்றி, பல்பு ஹோல்டரை இடப்பக்கமா கால் திருப்பு திருப்பி எடுத்துட்டு விளக்கைச் சாய்ச்சு தண்ணியை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில ஊத்துங்க. தண்ணியோட நிறம் பாதி விடை சொல்லும். தெளிஞ்ச தண்ணின்னா பெரும்பாலும் மேலிருந்து, லென்ஸ் இணைப்பு வழியா வந்த மழை. கலங்கல், மணல் துகளோட இருந்தா சக்கரம் வாரியடிச்ச தண்ணி பின்பக்கம் ஹோல்டர் வழியாவோ மூச்சுக் குழாய் வழியாவோ ஏறியிருக்கு.

செகண்ட் ஹேண்ட் வண்டிங்கிறதால இன்னொண்ணும் பாருங்க. விளக்கோட பின்பக்க பிளாஸ்டிக்ல வட்டமா மாசமும் வருஷமும் அச்சடிச்ச முத்திரை இருக்கும், அம்புக்குறி மாசத்தைக் காட்டும். இடது, வலது ரெண்டையும் ஒப்பிடுங்க. வலது பக்கம் மட்டும் தேதி பிந்தியிருந்தா அந்தப் பக்கம் அடிபட்டு விளக்கு மாத்தியிருக்காங்க. அப்படின்னா பாடித் தகடு நேரா இல்லாம விளக்கை முறுக்கிப் பிடிக்குதான்னும் பார்க்கணும்.

கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்க மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்று மோட்டார் போதும். அது தர்ற அழுத்தம் விளக்குக்குப் போதுமானது, இணைப்பைப் பிளக்காது. கம்ப்ரசர் காற்றைக் காட்டவே காட்டாதீங்க, நல்லா இருக்கிற இணைப்பும் தெறிச்சுடும். மோட்டார் குழாயை ஒரு மூச்சுக் குழாய்ல செருகி டேப் சுத்துங்க, மத்த மூச்சுத் துளையை அடைங்க. சவ்வு இருந்தா அது மேல நேரா டேப் ஒட்டினா பிரிக்கும்போது சவ்வும் கூட வந்துடும். சவ்வுக்கு மட்டும் சின்னதா பிளாஸ்டிக் தாள் வெட்டி வெச்சு அதுக்கு மேல டேப் போடுங்க. ஹோல்டர் எல்லாம் அதன் இடத்திலேயே மாட்டியிருக்கட்டும், ஏன்னா அதோட ரப்பர் வளையமும் சந்தேகத்துக்குரியதுதான்.

200 மி.லி. தண்ணியில ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம் கலந்து, பெயின்ட் பிரஷ்ல இணைப்பு முழுக்க மெதுவா தடவிக்கிட்டே வாங்க. நுரை குமிழ் கட்டுற இடம்தான் கசிவு. பெரிய ஓட்டைன்னா குமிழ் கட்டாம நுரை சிதறும், அங்கே காதை வெச்சுக் கேட்டாலே சீறல் தெரியும். குமிழ் வந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால கோடு போட்டுட்டுத் தொடர்ந்து சுத்தி முடிங்க. ஒரு இடம் கிடைச்சதும் நிறுத்திட்டா ரெண்டாவது கசிவு அடுத்த மழைக்குத்தான் தெரியும். ஸ்க்ரூ போகிற காது பக்கம், மூலை வளைவு, பல்பு ஹோல்டரோட பிடி, இந்த மூணு இடத்தையும் ரெண்டாவது தடவை தடவிப் பாருங்க.

விளக்கைத் தண்ணி வாளியில முக்கிச் சோதிக்கிறவங்களும் உண்டு. ஹோல்டர் டெர்மினல் எல்லாம் நனையும், தேவையில்லாத வேலை.


கடலூர்_டிரைவ்

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது என் கேள்வி. விளக்கின் அடியில் 3 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு ஓட்டை போட்டால் வந்த தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிடும். பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுதான். டிரில் பிட்டில் 5 மி.மீ. விட்டு டேப் சுற்றிக்கொண்டால் உள்ளே பிரதிபலிப்பான் வரை இறங்காது. கையில் பிடித்துச் சுழற்றினாலே ஏபிஎஸ் துளைபடும், மோட்டார் டிரில் தேவையில்லை.


லேம்ப்_டிசைன்

பழைய வண்டிக்கு, கசிவு இடம் எட்டாத மூலையில் இருந்தால், அது ஏற்கத்தக்க கடைசி வழி. ஆனால் 3 மி.மீ. போதாது. அந்த அளவுத் துளையில் நீரின் பரப்பு இழுவிசை ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அடியில் எப்போதும் ஒரு செ.மீ. தேங்கியே நிற்கும், ஓட்டை போட்டும் வடியவில்லையே என்று பலர் சொல்வது இதைத்தான். 5 மி.மீ. தேவை. துளை வண்டியில் மாட்டிய நிலையில் எது மிகத் தாழ்ந்த புள்ளியோ அங்கே, கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது தாழ்வாகத் தெரிவது வண்டியில் தாழ்வாக இருக்காது, மாட்டிவைத்து மார்க்கரில் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். டயர் பார்த்த பக்கம் வரக் கூடாது.

அப்படிச் செய்தாலும் தூசி உள்ளே போகும், பிரதிபலிப்பானின் அலுமினியப் பூச்சு நாளடைவில் கருக்கும். கேட்டவரின் வண்டி 2019 மாடல், விளக்கு அவ்வளவு பழையது இல்லை. வாரண்டி பாக்கி இருக்கும் வண்டியில் துளை போட்டால் அதோடு வாரண்டி உரிமையும் போய்விடும். வாரண்டி இருப்பவர்கள் கழற்றவே வேண்டாம். தேங்கிய தண்ணீர் தெரியும்படி பகலில் ஒரு படம், விளக்கு எரியும்போது ஒரு படம், தேதியோடு எடுத்து, ஜாப் கார்டில் "ஈரம்" என்று எழுதவிடாமல் "உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள். ஈரம் என்று எழுதினால் இயல்பு என்று முடித்துவிட இடம் கிடைக்கிறது.


வடபழனி_ஹேட்ச்

சோதித்துப் பார்த்தேன். கிண்ணத்தில் விழுந்த தண்ணீர் ஏறக்குறைய இரண்டு ஸ்பூன், தெளிவாக இருந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் மண். குமிழ் இரண்டு இடங்களில் வந்தது: மேல் வெளிமூலையில் லென்ஸும் கறுப்பு உடலும் சேரும் இணைப்பில் சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு, அப்புறம் ரிவர்ஸ் பல்பு ஹோல்டரைச் சுற்றி. அந்த ஹோல்டரின் ரப்பர் வளையம் தட்டையாகி ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. ஹோல்டருக்குள் பச்சை பூத்திருக்கிறது. கீழ் மூச்சுக் குழாயின் வாயில் மண்கூடு இருந்தது. முத்திரையில் இரண்டு விளக்குகளுக்கும் ஒரே வருடம்தான். லென்ஸில் விரிசல் எதுவும் இல்லை. உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கறை இருக்கிறது. எதை வைத்து அடைப்பது, உள்ளே எப்படிச் சுத்தம் செய்வது?


பட்டறை_பின்பக்கம்

மூணும் ஒண்ணுக்கொண்ணு தொடர்புள்ளது. மண்கூடு மூச்சை அடைச்சிருக்கு, இழுவை கூடியிருக்கு, பலவீனமான இணைப்பு வழியா மழை இறங்கியிருக்கு. கிண்ணத்தில இருந்த மண்ணு ஹோல்டர் வழியா வந்தது. கூட்டை முதல்ல எடுங்க. கம்பியால குத்தித் தள்ளினா மண்ணு உள்ளே விழும், குழாயையே கழற்றித் தண்ணியில ஊறவெச்சு கழுவி, காயவெச்சு மாட்டுங்க. மாட்டும்போது வாய் கீழே பார்க்கணும். உள்ளே ஸ்பாஞ்சு துண்டு இருந்திருந்தா அதையும் திரும்ப வைக்கணும், அதுதான் பூச்சியைத் தடுக்கும்.

அடுத்து உள்பக்கம் கழுவறது. குழாய்த் தண்ணி, போர் தண்ணி வேண்டாம், அந்த வெள்ளைக் கறையே அதுல இருக்கிற உப்புதான். பெட்ரோல் பங்க்ல, பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்க. பேட்டரி ஆசிட்டை வாங்கிடாதீங்க, லேபிளைப் பாருங்க. 200 மி.லி.யில ஒரே சொட்டு பாத்திரத் திரவம் கலந்து ஹோல்டர் ஓட்டை வழியா ஊத்தி, ஓட்டையை உள்ளங்கையால மூடிக் குலுக்குங்க. கொட்டிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல நுரை போற வரைக்கும் அலசுங்க. துணி சுத்தின குச்சியை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டாம். பிரதிபலிப்பான்ல இருக்கிற அலுமினியப் பூச்சு மெல்லிசு, ஒரே தேய்ப்புல கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். கறை முழுசா போகலேன்னாலும் விட்டுடுங்க.

உலர்த்தறதுல அவசரம் வேண்டாம். ஹேர் டிரையர்னா குறைஞ்ச சூட்டில, ஒரு அடி தள்ளி, ஒரே இடத்தில நிக்காம ஆட்டிக்கிட்டே இருக்கணும். கையைக் குறுக்கே வெச்சா பொறுக்கிற சூடுதான் அளவு, 60 டிகிரிக்கு மேல போகவிடாதீங்க. ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதைவிட நல்ல வழி, ஓட்டை எல்லாம் கீழ்ப் பார்த்த மாதிரி வெயில்ல அரை நாள் வெச்சுட்டு, ராத்திரி முழுக்க ஏசி அறையில ஃபேனுக்கு எதிர்ல வைக்கிறது.


லேம்ப்_டிசைன்

ஏசி அறை யோசனை மிகச் சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 11 கிராம் நீராவிதான் இருக்கிறது, வெளிக்காற்றில் பாதிகூட இல்லை. மழைக்காலத்தில் வெளியே வைத்து ஹேர் டிரையர் போடுவது ஈரக்காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புவதாகிவிடும். ஹோல்டர்களையும் அதே அறையில் மாட்டி மூடுங்கள்.

சிலிக்கா ஜெல் பற்றி யாராவது கேட்பார்கள். அது தன் எடையில் 20 முதல் 30 சதவீதம் ஈரத்தை வாங்கும், அதாவது 10 கிராம் பொட்டலம் 2 அல்லது 3 கிராம். தேங்கிய தண்ணீருக்கு அது ஒன்றுமில்லை. கழுவி வடித்த பிறகு ஹோல்டர் ஓட்டையில் தொங்கவிட்டு ஒரு இரவு டேப் ஒட்டி வைக்கலாம். உள்ளேயே போட்டு மூடிவிடாதீர்கள். சில நாளில் நிறைந்துபோய், அதன் பிறகு சூடேறும்போதெல்லாம் ஈரத்தைத் திருப்பிக் கக்கும். பொட்டலம் நகர்ந்து 21 வாட் பல்பில் ஒட்டினால் கருகும்.

உலர்த்தி மூடிய பிறகும் சில காலைகளில் மெல்லிய படலம் தெரியலாம். அக்ரிலிக் தன் எடையில் 2 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடுங்கள். துளி கட்டினால் மட்டும் மறுபடி கழற்றுங்கள்.

இனி அடைக்கும் பொருள். கடையில் சிலிக்கான் என்று கேட்டால் பெரும்பாலும் வினிகர் நெடி அடிக்கும் ரகத்தைக் கொடுப்பார்கள். அது காயும்போது அசெட்டிக் அமிலம் வெளிவிடும், செம்பு டெர்மினலையும் பிரதிபலிப்பானையும் அரிக்கும். "நியூட்ரல் க்யூர்" (அமிலம் வெளிவிடாமல் காயும் ரகம்) என்று ட்யூபில் எழுதியிருக்க வேண்டும். முன் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் சீலன்ட்டும் நல்லது, கறுப்பு நிறத்தில் இருப்பதால் வெளியே தெரியாது. ஃபெவிக்விக் வகைப் பசை கூடாது. அதன் ஆவி அக்ரிலிக்கின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும், காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுள்ளது, வண்டி அதிர்வில் விட்டுப்போகும்.

இணைப்பில் குமிழ் வந்த 3 செ.மீ.க்கு இரு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. கூட்டி 5 செ.மீ. நீளத்துக்கு வேலை செய்யுங்கள். இணைப்பின் பிளவில் கட்டர் நுனியால் 1 மி.மீ. ஆழத்துக்குக் கீறி, பழைய அழுக்கை எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலரவிடுங்கள். கறுப்பு உடல் பக்கத்தை மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். லென்ஸ் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே இறுக்கம் உள்ள அக்ரிலிக்கின் மேல் ஆல்கஹால் தேங்கினால் நுண்ணிய வெடிப்புகள் வலை போல் ஓடும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஆகியவை ஒரே நிமிடத்தில் லென்ஸைப் பாழாக்கும்.

பிளவின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீலன்ட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளுங்கள். மேலே பூசி விடுவது போதாது, பிளவுக்குள் இறங்க வேண்டும். மேற்பரப்பு ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். இவை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு காய்பவை, ஒரு நாளைக்குச் சுமார் 2 மி.மீ. ஆழம் காயும். முழுதாக 24 மணி நேரம் விட்டு, மறுபடி மீன் தொட்டி மோட்டார் வைத்துச் சோதியுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் வண்டியில் மாட்டாதீர்கள்.

லென்ஸிலேயே விரிசல் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: நேம் போர்டு செய்யும் அக்ரிலிக் கடைகளில் தண்ணீர் போன்ற கரைப்பான் பசையைச் சிரிஞ்சில் எடுத்து விரிசலில் ஓடவிடுவார்கள், அக்ரிலிக்கைக் கரைத்து மறுபடி ஒன்றாக்கும். விரிசல் புதிதாக, அழுக்கில்லாமல், உலர்ந்து இருந்தால் மட்டும் பலன். கூடுதலாக விட்டால் உள்ளே வழிந்து பிரதிபலிப்பானைக் கரைக்கும். நெடி நச்சு, திறந்த வெளியில் மட்டும் செய்ய வேண்டியது. கை பழகாதவர்கள் வேறு விளக்கு வாங்கிவிடுவதே மேல்.


ஆட்டோ_வயரிங்

பச்சை பூத்த ஹோல்டரை அப்படியே திரும்ப மாட்டிடாதீங்க. மங்கலா எரியற ரிவர்ஸ் விளக்குக்குக் காரணம் அதுதான். வெளிச்சம் குறையறதோட நிக்காது. டெர்மினல்ல தடை கூடக் கூட அங்கே சூடு பிறக்கும், ஹோல்டர் பிளாஸ்டிக் இளகி பல்பு ஆட ஆரம்பிக்கும். பெரும்பாலான விளக்கில எல்லா பல்புக்கும் எர்த் (மின்சாரம் பாடிக்குத் திரும்பிப் போற வழி) ஒரே கம்பிதான். அந்த எர்த் கெட்டா பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மினுக்கும், பார்க்கிங் மங்கும். பின்னால வர்றவங்களுக்கு நீங்க பிரேக் போட்டதே சரியா தெரியாது. தண்ணி புகுந்த டெயில் லைட்டைத் தள்ளிப் போடக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு, கான்டாக்ட் க்ளீனர் ஸ்பிரே அடிச்சு, பழைய டூத் பிரஷ்ல தேயுங்க. பச்சை போகலேன்னா 400 நம்பர் எமரித் தாளை மெல்லிய பட்டையா வெட்டி டெர்மினலை மட்டும் தேய்க்கலாம். தகடு குழி விழுந்திருந்தாலோ ஸ்பிரிங் இறுக்கம் போயிருந்தாலோ ஹோல்டரையே மாத்துங்க. ரப்பர் வளையம் தனியா கிடைக்கிறது அபூர்வம், பல மாடல்ல ஹோல்டரோட சேர்த்துத்தான் வரும். உங்களுக்கு எப்படியும் வளையம் வெடிச்சிருக்கு, புது ஹோல்டரே சரி. சென்னையில புதுப்பேட்டையில பழைய விளக்கோட ஹோல்டர் எடுக்கலாம், ஆனா வளையத்தை விரலால அமுக்கிப் பாருங்க. அமுங்கித் திரும்பி எழணும், தட்டையா நின்னுட்டா வேண்டாம்.

வளையத்துக்கு சிலிக்கான் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் மெல்லிசா தடவுங்க. வாசலின், சாதா வண்டி கிரீஸ் போட்டா இந்த வகை ரப்பர் ஊதிக்கும், அப்புறம் ஹோல்டர் பூட்டவே பூட்டாது. அதே கிரீஸ் கனெக்டரோட ரப்பர் சீல்லயும் கொஞ்சம்.

மாட்டினதும் மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி ரேஞ்சில வெச்சு, ஒரு முனையை ஹோல்டர் எர்த் டெர்மினல்லயும் இன்னொண்ணை பாடியில பெயின்ட் இல்லாத போல்ட்லயும் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. அரை வோல்ட் தாண்டினா எர்த் கம்பி பாடியில போல்ட் ஆகிற இடத்தைப் போய்ப் பாருங்க. பல்போட கண்ணாடியில வெள்ளையா, இல்லேன்னா வெள்ளிப் பூச்சு மாதிரி படிஞ்சிருந்தா அதையும் மாத்திடுங்க.


பட்டறை_பின்பக்கம்

மாட்டறப்போ கவனிக்க வேண்டியது: விளக்குக்கும் பாடிக்கும் நடுவில இருக்கிற ஸ்பாஞ்சு கேஸ்கெட். கழற்றும்போது அது பாதி கிழிஞ்சிருந்தா தண்ணி விளக்குக்குள்ள போகாது, டிக்கிக்குள்ள இறங்கி ஸ்டெப்னி குழியில தேங்கும். மூடிய துளை கொண்ட ஈபிடிஎம் ரப்பர் ஸ்பாஞ்சு டேப், 10 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் வாங்கி ஒட்டுங்க. இறுக்கினதும் பாதி கனத்துக்கு அமுங்கணும். ரெண்டு முனையும் சேர்ற இடம் அடிப்பக்கம் வரட்டும், மேலே வந்தா அந்தச் சந்திலயே தண்ணி இறங்கும். கட்டில், மெத்தை ஸ்பாஞ்சு தண்ணியைக் குடிச்சுத் தகட்டோடேயே வெச்சு துரு பிடிக்க வைக்கும், அதை வைக்காதீங்க.

ஸ்க்ரூவை அளவுக்கு மேல முறுக்கறதுதான் இணைப்பு விட்டுப்போக முக்கியமான காரணம். ஸ்க்ரூ கையில இறுகி நின்னதும் கால் சுத்து, அவ்வளவு போதும். ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்குங்க. உங்க கசிவு மேல் வெளிமூலையில வந்திருக்கிறதால, முளை போகிற ரப்பர் புஷ் பழசாகி இறுகியிருக்கான்னும் பாருங்க. அது கல்லு மாதிரி இருந்தா விளக்கு முறுக்கிக்கிட்டே நிக்கும், சீலன்ட் திரும்ப விட்டுடும்.

வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை விளக்கு ஓரத்தில நேரா பிடிக்கவிடாதீங்க, ரெண்டு அடி தள்ளி, சாய்வா அடிக்கச் சொல்லுங்க. வெயில்ல நின்ன வண்டியை உடனே குளிர்ந்த தண்ணியில கழுவவும் வேண்டாம், அரை மணி நேரம் நிழல்ல விடுங்க.


வடபழனி_ஹேட்ச்

நன்றி. புது ஹோல்டரும் நியூட்ரல் சிலிக்கானும் வாங்கிவிட்டேன். ஒரே சந்தேகம்: மூச்சுக் குழாயின் வாயில் மறுபடி குளவி கட்டாமல் இருக்க கொசுவலைத் துண்டு கட்டலாமா?


லேம்ப்_டிசைன்

கட்டலாம், நைலான் வலையாக இருக்கட்டும், ஒரே அடுக்கு. குழாய் முனையில் சின்ன கேபிள் டையால் கட்டுங்கள், குழாய் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். பருத்தித் துணியோ பஞ்சோ வைத்தால் நனைந்ததும் காற்று போகாது. இடது விளக்கின் குழாயையும் இப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.